பைலட் டிகிரி: அமெரிக்காவில் டியூஷன் பில் பாதிக் கணக்குதான்

பிள்ளை பைலட் ஆக வேண்டும் என்று சொன்னதும் இங்கே நம்மவர்கள் முதலில் தேடுவது கல்லூரியின் டியூஷன் கட்டணத்தை. ஆனால் பறக்கும் பயிற்சிக்குத் தனியாக 'ஃப்ளைட் ஃபீ' கட்ட வேண்டும். நான்கு வருடத்தில் அது மட்டுமே 80,000 முதல் 1,20,000 டாலர் வரை போகும். தனியார் கல்லூரியில் படித்தால் டியூஷன், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து 3 லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு.

ஃப்ளைட் ஃபீ மதிப்பீட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் பார்ட் 141 (அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளிகளுக்கான) விதிப்படி, முதல் கட்டமான பிரைவேட் லைசென்ஸுக்குக் குறைந்தபட்சம் 35 மணி நேரம் போதும். நடைமுறையில் 60, 70 மணி ஆவது சகஜம். செஸ்னா 172 பயிற்சி விமானத்தின் வாடகையும் பயிற்றுநர் கட்டணமும் சேர்ந்து மணிக்குச் சுமார் 250 டாலர் என்றால், 30 மணி கூடும்போது 7,500 டாலர் கூடுகிறது. வாடகை நேரத்தைக் கணக்கிடும் ஹாப்ஸ் மீட்டர் இன்ஜின் ஓடும்போதே ஓடும். ரன்வேக்கு முன்னால் வரிசையில் நிற்கும் கால் மணி நேரத்துக்கும் காசு.

மணிக்கணக்கு ஏறுவதற்குப் பெரும்பாலும் பயிற்சியில் விழும் இடைவெளிதான் காரணம். பைலட் கல்லூரிகள் உள்ள ஊர்களில், வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் பனிக்காலம், ஃப்ளோரிடாவின் டேட்டோனா பீச்சில் கோடை மதியத்து இடிமழை. இரண்டு வாரம் பறக்காவிட்டால் பழகிய தரையிறக்கத்தையே மறுபடி பழக வேண்டிவரும். ஏர்லைன் வேலைக்குத் தேவையான பறந்த மணிகள் சேர்ந்ததும் பயிற்றுநர் அங்கே போய்விடுவார். புதியவர் முதலிலிருந்து சரிபார்ப்பார். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வரும் ஸ்டேஜ் செக் தேர்வில் தவறினால் மறுபயிற்சிக்கும் மறுதேர்வுக்கும் தனிப் பணம். ஃப்ளைட் கணக்கில் இருப்பு குறைந்தால் பல கல்லூரிகள் விமானம் ஒதுக்குவதையே நிறுத்திவிடும். அதனால் இன்னோர் இடைவெளி, இன்னும் செலவு. மதிப்பீட்டுக்கு மேல் 20 சதவீதம் கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

அப்படியானால் டிகிரி எதற்கு? ஏர்லைன் வேலைக்கு வழக்கமாக 1,500 மணி பறந்த அனுபவம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் 60 விமானத்துறை கிரெடிட்டுகளோடு பட்டம் முடித்தால் 1,000 மணியிலேயே, 21 வயதில், கட்டுப்பாடுள்ள ஏ.டி.பி. (ஏர்லைன் பைலட்) சான்றிதழ் பெறலாம். ஒரு நிபந்தனை: இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) கமர்ஷியல் லைசென்ஸும் (சம்பளத்துக்குப் பறக்கும் உரிமம்) அந்தக் கல்லூரியின் பார்ட் 141 பயிற்சி வழியாகவே வந்திருக்க வேண்டும். பிரைவேட் லைசென்ஸ் இதில் அடங்காது. அதை வீட்டுக்குப் பக்கத்துச் சிறு விமான நிலையத்தில், பள்ளிக்கூடம் முடியும் முன்பே முடித்துக்கொண்டால் பல ஆயிரம் மிச்சம். கல்லூரி அதை ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை போதாது.

அடுத்தது விசா. சிட்டிசன் அல்லது கிரீன் கார்டு பிள்ளைக்கு மத்திய அரசுக் கடன் கிடைக்கும். ஆனால் பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்து 27,000 டாலர்தான். ஃப்ளைட் ஃபீ 80,000 டாலர் என்றாலே அது மூன்றில் ஒரு பங்குதான். ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் பிள்ளைக்கு அதுவும் இல்லை. மாநிலக் குடியிருப்போர் கட்டணமாவது கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 21 வயதானதும் ஹெச்-4 போய்விடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அமெரிக்க ஏர்லைன்கள் பைலட்டுக்குப் பொதுவாக ஹெச்-1பி போடுவதில்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பங்கள் பணத்தைவிட இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். சிட்டிசன் அல்லாதவர்கள், கிரீன் கார்டு இருந்தாலும், டி.எஸ்.ஏ.வின் (போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி வரும்வரை பயிற்சியைத் தொடங்க முடியாது.

கல்லூரிக்கு முன்பணம் கட்டும் முன் ஏர்லைன் பைலட்டுக்கான உடல்தகுதிச் சோதனையான ஃபர்ஸ்ட் கிளாஸ் மெடிக்கலை முடித்துவிடுங்கள். 150 முதல் 250 டாலர் ஆகும். 2025 முதல் புதிதாக வருபவர்களுக்கு நிறப்பார்வையைக் கணினியில்தான் சோதிக்கிறார்கள். ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைபாடு) மாத்திரை எடுத்திருந்தால் கூடுதல் பரிசோதனை, மாதக்கணக்கில் காத்திருப்பு. மறைத்துப் படிவம் நிரப்புவது மத்திய அரசுக் குற்றம்.

பட்டம் வாங்கும்போது கையில் 250, 300 மணிதான் இருக்கும். மீதியைப் பயிற்றுநராகப் பறந்து சேர்க்க ஒன்றரை, இரண்டு வருடம் ஆகலாம். அரசுக் கடனின் தவணையோ படிப்பு முடிந்து ஆறு மாதம் கழிந்ததும் தொடங்கிவிடும். அந்த இடைவெளிக்கான வாடகை, கார், தவணை எல்லாவற்றையும் இப்போதே மொத்தக் கணக்கில் எழுதிவிடுங்கள்.