எடை குறையவில்லை, இடுப்பு குறைந்தது: என் லைப்போசக்ஷன் அனுபவம்

நான் லைப்போசக்ஷன், அதாவது தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன், செய்துகொண்டது தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கிலோ குறைஞ்சுதுங்க?" என்பதுதான். உண்மையான பதில்: இரண்டு கிலோகூட இல்லை. முதல் வாரத்தில் எடை கூடித்தான் இருந்தது. ஆனால் தொப்புள் மட்டத்தில் இஞ்ச் டேப் வைத்து அளந்தால் 6 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. இந்த இரண்டும் வேறு வேறு என்று தெரியாமல் பணத்தையும் உடம்பையும் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு 41 வயது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் க்யூசி (தரம் பார்க்கும்) வேலை. வீடு அவிநாசியில். இரண்டு பிள்ளைகள், இரண்டாவது சிசேரியன். தைராய்டுக்கு மாத்திரை உண்டு. ஒரு கட்டத்தில் 158 செ.மீ. உயரத்துக்கு 71 கிலோ இருந்தேன். இந்தியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் எண்) 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்பது கணக்கு. என்னுடையது 28-ஐத் தாண்டியிருந்தது.

எடையைக் குறைத்தது ஆபரேஷன் இல்லை, சாப்பாடும் நடையும்தான். ராத்திரிச் சோற்றை விட்டேன். மத்தியானம் அரிசிம்பருப்பு என்றால் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திவிட்டுப் பொரியலை அதிகமாக வைத்துக்கொண்டேன். பச்சைப்பயிறு, கொள்ளு, முட்டை தினமும் ஏதாவது ஒன்று. காலையில் கோவிலைச் சுற்றி நடை. ஒன்றரை வருடம் போல ஆனது. 62 கிலோவுக்கு வந்து, அதிலேயே நின்றேன்.

முகம் வற்றியது, கை வற்றியது, மோதிரம் கழன்று விழுந்தது. இடுப்பின் இரண்டு பக்கமும் அடிவயிறும் மட்டும் அப்படியே இருந்தன. செக்கிங் டேபிளில் குனிந்து வேலை செய்யும்போது மடிப்பு மடிப்பாக விழும். சேலை கட்டினால் கொசுவத்துக்கு மேலே பிதுங்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

என் அத்தை, அதாவது மாமியார், "ஏங்கண்ணு, நல்லா இருக்கற உடம்ப எதுக்கு அறுக்கோணும்? கொள்ளு வெச்சுத் தர்றேன், ஒரு மாசம் குடி, தன்னால வத்திப்போகும்" என்றார். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று வளர்ந்தவர்கள் நாம். கொள்ளு நல்ல சாப்பாடு, இன்றைக்கும் வாரத்தில் இரண்டு நாள் கொள்ளு ரசம் வைக்கிறோம். ஆனால் உடம்பில் எந்த இடத்துக் கொழுப்பு முதலில் கரைய வேண்டும் என்று எந்தச் சாப்பாடும் முடிவு செய்யாது. வயிற்றுக்கான உடற்பயிற்சிகூட அங்குள்ள தசையைத்தான் பலப்படுத்தும், அதன் மேலிருக்கும் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்காது. எங்கே சேரும், எங்கிருந்து கடைசியாகப் போகும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோனும் தீர்மானிக்கின்றன. என் அம்மாவுக்கும் அமுச்சிக்கும் (அம்மாவின் அம்மா) இதே இடத்தில் இதே மடிப்பு உண்டு.

முதலில் ஒரு சென்டருக்குப் போனேன். பேர் வேண்டாம். "ஒரே நாளில் பத்து கிலோ" என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். உள்ளே டாக்டரே இல்லை. கவுன்சிலர் என்று ஒரு பெண் வந்து, என் எடையை மட்டும் பார்த்துவிட்டு வயிறு, தொடை, கை என்று பேக்கேஜ் விலை சொன்னார். இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடியாம். என் வயிற்றை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பொது அறுவை சிகிச்சைப் படிப்புக்குப் பிறகு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். என்ற உயர்படிப்பு முடித்த ஒரு சர்ஜனைப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "எடை குறைக்கணுமா, வடிவம் மாறணுமாம்மா?" என்பதுதான். வடிவம் என்றேன். எடை எத்தனை மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறது என்று கேட்டார். ஆறு மாதமாவது நிலையாக இருந்தால்தான் செய்வாராம். இறங்கிக்கொண்டிருக்கும்போது செய்தால் எங்கே எவ்வளவு எடுப்பது என்ற கணக்கே தப்பிவிடும்.

நிற்கவைத்து இடுப்புச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தார். "இப்படிக் கையில் பிடிபடுவது தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பு. கேனுலா என்கிற உறிஞ்சு குழாய் இதைத்தான் எடுக்கும். குடலைச் சுற்றி உள்ளே இருக்கிற கொழுப்பு வேறு, அது வயிற்றுத் தசைச் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே நான் போக முடியாது, போகவும் கூடாது." பிறகு படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொல்லி, நடுவயிற்றில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தார். பிரசவத்தில் தசை விலகியிருந்தால் வயிறு முன்னால் தள்ளித்தான் நிற்கும், கொழுப்பை எடுத்தாலும் அது சரியாகாது. எனக்கு லேசான விலகல்தான். சிசேரியன் தழும்பு இருந்ததால் ஹெர்னியா (வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தில் குடல் பிதுங்குவது) ஏதாவது இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தெரியாமல் அந்த இடத்தில் கேனுலா போனால் குடலில் ஓட்டை விழ வாய்ப்பு உண்டாம். பேக்கேஜ் பேசிய சென்டரை நினைத்து அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

முடியாதவற்றையும் முன்பே சொல்லிவிட்டார். தொப்புளுக்குக் கீழே உள்ள பிரசவ வரிகள் போகாது. தளர்ந்த தோல் ஓரளவுக்குத்தான் சுருங்கும். அந்தத் தோலும் போக வேண்டுமென்றால் இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வெட்டித் தைக்கிற டம்மி டக். அது வேறு ஆபரேஷன், பெரிய தழும்பு. எனக்கு அது வேண்டாம் என்றேன்.

"கொழுப்பு போனால் தைராய்டு, சுகர் எல்லாம் நல்லாகுமா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதற்கு அவர் ஓர் ஆய்வைச் சொன்னார். 2004-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து லைப்போசக்ஷனில் ஏறக்குறைய 10 கிலோ கொழுப்பை எடுத்திருக்கிறார்கள். 10, 12 வாரம் கழித்துச் சோதித்தால் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், இன்சுலின் வேலை செய்யும் விதம் எதிலும் குறிப்பிடும்படி முன்னேற்றம் இல்லை. அதே 10 கிலோ சாப்பாட்டாலும் நடையாலும் குறைந்திருந்தால் பெரும்பாலும் இவையெல்லாம் முன்னேறியிருக்கும். ஏனென்றால் அப்போது உள்கொழுப்பும் ஈரல் கொழுப்பும் சேர்ந்து குறையும், மிச்சமிருக்கும் கொழுப்புச் செல்களும் சுருங்கும். லைப்போசக்ஷனில் எடுத்த இடத்தில் செல்கள் குறைகின்றன, மற்ற இடத்தில் எல்லாம் பழையபடிதான்.

டெஸ்டுகளில் ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே என்று வந்தது. 12 ஆகாமல் தொட மாட்டேன் என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தத் தாமதம் எனக்கு நல்லதாகவே போயிற்று. மார்கழி வந்துவிட்டது. முகூர்த்தம் இல்லாத மாதம், யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போக வேண்டியதில்லை, வெயிலும் கிடையாது. வலிக்குப் போடும் ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ எல்லாவற்றையும் முன்பே நிறுத்தச் சொன்னார்கள், ரத்தக் கசிவு கூடும் என்று.

அன்று காலை என்னை நிற்கவைத்து மார்க்கர் பேனாவால் வயிறு, இடுப்பு முழுக்க வட்டம் வட்டமாகக் கோடு போட்டார். கட்டிங் டேபிளில் மாஸ்டர் சாக்பீஸ் போடுவது போலத்தான் இருந்தது. படுத்தால் கொழுப்பு பக்கவாட்டில் சரிந்து இடம் மாறிவிடும், அதனால் கோடு நின்றபடிதான். பிறகு மயக்கம். உள்ளே நடப்பதை முன்னதாகவே கேட்டு வைத்திருந்தேன். சலைன் தண்ணீரில் லிக்னோகைனும் அட்ரினலினும் கலந்து கொழுப்பில் நிறைய ஏற்றுவார்கள். லிக்னோகைன் மரக்கவைக்கும், அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சின்னத் துளை வழியாக மழுங்கிய முனையுள்ள குழாயை முன்னும் பின்னுமாக ஓட்டி உறிஞ்சுவார்கள். ஜெஃப்ரி க்ளைன் என்ற அமெரிக்கத் தோல் டாக்டர் 1980-களில் இந்த ட்யூமசென்ட் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்ததாம். எனக்கு 2.8 லிட்டர் எடுத்தார்கள். ஜாடியின் போட்டோவைப் பிறகு காட்டினார். மேலே மஞ்சளாகக் கொழுப்பு, அடியில் இளஞ்சிவப்புத் தண்ணீர். ஆக, 2.8 லிட்டர் என்றால் அத்தனையும் கொழுப்பு இல்லை. ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பதைப் பெரிய அளவு என்று கணக்கு வைத்து, ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

அன்றிரவு அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. போர்வை, பேட் எல்லாம் நனைந்து சிவந்திருந்ததைப் பார்த்து என் அம்மா அழுதேவிட்டார். ஏற்றிய தண்ணீரும் கொஞ்சம் ரத்தமும்தான் அது, வெளியே வருவதுதான் நல்லது என்று நர்ஸ் வந்து சொன்னார். கூட இருக்கப் போகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லி வையுங்கள். சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தார்கள், காலில் ரத்தம் உறையாமலிருக்க. கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ, மூச்சுத் திணறலோ, காய்ச்சலோ வந்தால் எந்த நேரமானாலும் வரச் சொன்னார்கள்.

கம்ப்ரஷன் கார்மென்ட் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், என் தொழில் துணி. மார்புக்குக் கீழிருந்து முட்டிவரை இறுக்கிப் பிடிக்கும் அதை ஆறு வாரம், குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும் போட வேண்டும். எனக்குக் கொடுத்த முதல் பீஸில் பக்கத் தையல் ஓவர்லாக், உள்ளே தடிப்பாக நிற்கும். வீங்கிய தோலில் அது பள்ளம் பதித்தது. டாக்டரிடம் கேட்டு, தையல் வெளியே வரும்படி உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். இரண்டாவதாக வாங்கும்போது பிளாட்லாக் (தட்டையான) தையலா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்கினேன். துவைத்துக் காயவைக்க இரண்டு பீஸ் கட்டாயம் வேண்டும். வெந்நீரில் துவைத்தால் லைக்ரா தளர்ந்துவிடும், பிறகு அந்தப் பிடிப்பு இருக்காது. முதல் தடவை அதைக் கழற்றும்போது தலை சுற்றலாம். உட்கார்ந்துகொண்டே கழற்றுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

வீக்கம்தான் மனசைச் சோதிக்கிறது. முதல் வாரம் தராசில் ஏறினால் ஒன்றரை கிலோ கூட. எல்லாம் தேங்கிய நீர். ஊதா நிறக் கன்றல் தொடைவரை இறங்கி, மஞ்சளாகி, மறைந்தது. மூன்றாவது வாரத்துக்கு மேல் தோலுக்கு அடியில் கட்டி கட்டியாக, வயிற்றுக்குள் பலகை வைத்தது போல இறுகியது. அது ஆறுகிற பாதை, மசாஜ் செய்யச் செய்ய இளகும் என்றார்கள். அப்படியே இளகியது. தொப்புளைச் சுற்றி மரத்துப்போன உணர்ச்சி திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆனது. கடைசி வடிவம் தெரிய ஆறு மாதம் ஆகும் என்று டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இடதுபக்கம் தடவிப் பார்த்தால் ஒரு சின்ன மேடுபள்ளம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. அவர் சொன்னதுபோலவே வரிகளும் கொஞ்சம் தளர்ந்த தோலும் இருக்கின்றன. எனக்கு இது போதும், சந்தோஷமாக இருக்கிறேன்.

செலவைப் பற்றி: அழகுக்காகச் செய்வதை மெடிக்கல் இன்சூரன்ஸ் ஏற்காது. சாதாரண சிகிச்சைக்கு இல்லாத ஜிஎஸ்டியும் இதற்கு உண்டு. கார்மென்ட், மருந்து, மயக்க டாக்டர், ரூம் எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐசியூ இருக்கிற இடமா என்றும் கேளுங்கள். இன்னொன்று, எடுத்தாயிற்று என்று சாப்பாட்டைத் தளர்த்தினால் மிச்சமிருக்கும் செல்கள் பருக்கும். 2011-ல் வெளியான கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில் தொடையிலும் அடிவயிற்றிலும் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு ஒரே வருடத்தில் உடம்பின் மொத்தக் கொழுப்பு பழைய நிலைக்கே வந்துவிட்டது. தொடையில் திரும்பவில்லை, வயிற்றில்தான் சேர்ந்தது. அதனால் என் நடை நிற்கவில்லை.

என்னைப் பார்த்துவிட்டு, காங்கேயத்திலிருக்கும் பெரியப்பா மகன், "அம்மிணி, எனக்கும் அந்த டாக்டர்கிட்டச் சொல்லு, இந்தத் தொப்பைய எடுத்துப்போடலாம்" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். அண்ணனுக்கு சுகர் மாத்திரை ஓடுகிறது, பிஎம்ஐ 36. டாக்டர் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார், விரலில் அதிகம் பிடிபடவில்லை. வயிறு கல் மாதிரி கெட்டியாக முன்னால் நின்றது. கொழுப்பு அவ்வளவும் உள்ளே. "உங்களுக்கு நான் செய்தால் பணம்தான் குறையும்" என்று நேராகவே சொல்லிவிட்டு, சர்க்கரை டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பிஎம்ஐ இவ்வளவு இருந்து, கூடவே சர்க்கரையும் இருந்தால் பேரியாட்ரிக் ஆபரேஷனை யோசிக்கலாம். அது இரைப்பையைச் சின்னதாக்குவது, உண்மையிலேயே எடையையும் சர்க்கரையையும் குறைப்பதற்காகச் செய்வது, லைப்போசக்ஷனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் விளக்கினார். அண்ணனுக்கு அன்றைக்கு முகம் வாடிப்போயிற்று. இப்போது டயட்டீஷியன் கொடுத்த அட்டவணைப்படி சாப்பிடுகிறார், மில்லுக்குப் போகும்முன் நடக்கிறார். நாலு கிலோ இறங்கியிருக்கிறது, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அடுத்த மாதம் பேரியாட்ரிக் சர்ஜனிடம் ஒரு தடவை பேசிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம், நானும் கூடப் போகிறேன்.