பழைய பைக்கில் கரண்ட் வராதபோது

ஸ்டார்ட் ஆகாத பழைய பைக் ஒன்று பட்டறைக்கு வரும்போது, அதில் ஏற்கெனவே புது பிளக், புது காயில் (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் சுருள்), சில சமயம் புது சிடிஐ (பொறியை நேரம் பார்த்து விடும் மின்னணுப் பெட்டி) வரை மாட்டிப் பார்த்திருப்பார்கள். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். பழைய வண்டியில் பாகங்கள் கெடுவதைவிட இணைப்புகள் கெடுவதுதான் அதிகம். பச்சை பிடித்த கனெக்டர், பெயின்ட்டின் மேலேயே முடுக்கிய எர்த், உறைக்குள் நைந்துபோன ஒயர், தேய்ந்து இடைவெளி குறைந்த பாயின்ட் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) என்று பட்டியல் நீளும். அளக்காமல் எதையும் மாற்றக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இல்லையென்றால் வண்டி ஓடினாலும் எது சரியானது என்று தெரியாது.

முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்று பொருள். பலமுறை உதைத்தும் காய்ந்தே இருந்தால் கார்புரேட்டர் பக்கம் போவதே நல்லது. பொறி பார்க்கும்போது பிளக்கின் உடம்பு ஹெட்டின் வெறும் உலோகத்தில் அழுத்தமாகப் பட வேண்டும். பிளக் துளையை விட்டுத் தள்ளி வையுங்கள். உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். பிளக்கின் தலையில் மாட்டும் கேப்பை எர்த் இல்லாமல் தொங்கவிட்டு உதைக்கவும் கூடாது. வெளியேற வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலின் இன்சுலேஷனையோ சிடிஐயையோ துளைத்துவிடும்.

வெளியே பொறி தெரிந்ததும் கரண்ட் சரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். திறந்த காற்றில் 0.6 மி.மீ. இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் தேவையில்லை. சிலிண்டருக்குள் கலவை அமுங்கியிருக்கும்போது அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். அதனால் 6 மி.மீ. இடைவெளியுள்ள பொறி டெஸ்டரில் பார்ப்பதே நம்பகமானது. அதில் நீலமாக, ‘டப்’பென்ற சத்தத்தோடு தாவினால் கரண்ட் பலமாக இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் இழையாக நெளிந்தால் பலம் போதவில்லை.

பலம் போதாத இடத்தில் காயிலுக்கு முன்னால் பிளக் கேப்பைப் பாருங்கள். ரெசிஸ்டர் உள்ள கேப் பெரும்பாலும் 5 கிலோ ஓம் காட்டும். அளவு எக்கச்சக்கமாக இருந்தாலோ மீட்டர் அசையவே இல்லை என்றாலோ கேப் போய்விட்டது. கேப் திருகும் ஒயர் முனை கறுத்திருந்தால் 5, 6 மி.மீ. வெட்டிவிட்டுப் புதிய செம்பில் திருகுங்கள். இதிலேயே சரியாகும் வண்டிகள் உண்டு. இருட்டில் எஞ்சினை ஓடவிட்டால், வெடித்த ஒயரிலிருந்து ஃபிரேமுக்குக் கரண்ட் தாவுவதும் கண்ணுக்குத் தெரியும்.

பாயின்ட் வைத்த வண்டிகளில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் பாயின்ட்டும் கண்டன்சரும்தான். இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 0.4 மி.மீ. வரை. எஞ்சினோடு சுழலும் கேமின் மேடு பாயின்ட்டை முழுவதுமாகத் திறந்த நிலையில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக ஆகிவிட்ட பாயின்ட்டில் கேஜ் தொடுவது மேட்டை மட்டும்தான். குழிக்குள் இருக்கும் உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். எனவே முதலில் மெல்லிய பாயின்ட் அரத்தால் மட்டமாக்கி, பெட்ரோலில் நனைத்த சுத்தமான அட்டைத் துண்டை நடுவில் விட்டு இழுத்துவிட்டு, அதன் பிறகு அளக்க வேண்டும். புது பாயின்ட்டையும் இப்படித் துடைத்தே மாட்ட வேண்டும், துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் அதன் முகத்தில் இருக்கும். கேமின் மேல் உரசும் ஃபெல்ட்டில் எண்ணெய் வற்றினால் கேமைத் தொடும் பாயின்ட்டின் ஃபைபர் துண்டு வேகமாகத் தேயும், இடைவெளி குறையும், பொறி தாமதமாகும். வண்டி இழுக்காது, எஞ்சினும் சூடாகும்.

பாயின்ட் மாற்றியதும் கரண்ட் அடியோடு நின்றுவிட்டதா? ஃபைபர் வாஷர்களின் வரிசையைப் பாருங்கள். காயில் ஒயரும் பாயின்ட்டின் ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று தொட வேண்டும், அடித்தட்டை இரண்டுமே தொடக் கூடாது. ஒரு வாஷர் இடம் மாறினாலும் பாயின்ட் நிரந்தரமாக எர்த் ஆகிவிடும்.

பாயின்ட் திறக்கும் நொடியில் காயிலின் முதல்சுற்றுக் (பிரைமரி) கரண்ட் அந்த இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். அதை வாங்கிக்கொண்டு, கரண்ட் சட்டென்று அறுபட வைப்பது கண்டன்சர். அது பலவீனமானால் பொறி பாயின்ட்டிலேயே வீணாகும். எஞ்சின் ஓடும்போது பாயின்ட்டில் சின்ன நீலப்பொறி தெரிவது சாதாரணம். மஞ்சளாக, கொழுத்து எரிந்தால் கண்டன்சர் மேல்தான் சந்தேகம். அளவு பொதுவாக 0.2 மைக்ரோ ஃபாரட்டை ஒட்டி இருக்கும். ஆனால் மீட்டரில் அளவு சரியாகக் காட்டினாலும், ஓடும்போது வரும் 200, 300 வோல்ட்டில் அது கசியலாம். நல்லதென்று தெரிந்த ஒன்றை வெளியே கிளிப் போட்டு மாட்டிப் பார்ப்பதே சோதனை. பழையதன் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அது ஷார்ட் ஆகியிருந்தால் பக்கத்தில் எத்தனை நல்ல கண்டன்சர் வைத்தாலும் பயனில்லை.

பேட்டரி இக்னிஷன் வண்டியில் சாவியைப் போட்டு, பாயின்ட் மூடிய நிலையில், பேட்டரி பிளஸ்ஸுக்கும் காயிலின் பிளஸ் முனைக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சாவி சுவிட்ச், கில் சுவிட்ச், கனெக்டர் மூன்றில் ஒன்று கரண்டைத் தின்கிறது. சாவியை இப்படி நீண்ட நேரம் போட்டு வைத்தால் காயில் வெந்துவிடும், அளந்ததும் அணைத்துவிடுங்கள். பேட்டரி இல்லாமல் சுழலும் காந்தத்திலிருந்து பொறிக்குக் கரண்ட் எடுக்கும் மேக்னெட் வண்டிகளில் கில் சுவிட்ச் வேலை செய்வது தலைகீழ்: அது காயிலை எர்த் செய்துதான் எஞ்சினை நிறுத்துகிறது. மழைக்குப் பிறகு கரண்ட் போனால், அந்த ஒயரைப் பிரித்துவிட்டு ஒருமுறை உதையுங்கள்.

காயிலை அளக்கும் முன் மீட்டரின் இரு முனைகளையும் சேர்த்து, அது காட்டும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பாயின்ட் காயிலின் முதல்சுற்று 3 முதல் 5 ஓம் வரை இருக்கும். சிடிஐ காயிலில் அது 1 ஓமுக்கும் குறைவாக இருப்பது சகஜம், அங்கே ஒயரின் 0.3 ஓம்கூட ஏமாற்றிவிடும்.

அரை மணி நேரம் ஓடி நின்று, ஆறியதும் ஓடும் வண்டியைக் குளிர்ந்த நிலையில் அளந்து பயனில்லை. நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து உதையுங்கள். உடனே பிடித்துக்கொண்டால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு, இக்னிஷன் அல்ல. பிடிக்காவிட்டால் சூடு ஆறுவதற்குள் பொறி பாருங்கள். பொறி இல்லையென்றால் கண்டன்சர், காயில், சிடிஐ வண்டியில் எக்சைட்டர் காயில் (சிடிஐக்குக் கரண்ட் தருவது) அல்லது பிக்கப் காயில் (பொறிக்கான நேரத்தைச் சொல்வது). சூட்டில் விரியும்போது அறுபட்ட கம்பி பிரியும், வெந்த இன்சுலேஷன் கசியும்.

டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தைச் சரிசெய்வது எப்போதும் இடைவெளிக்குப் பிறகுதான், ஏனென்றால் இடைவெளியைத் தொட்டால் டைமிங்கும் நகரும்: கூட்டினால் பொறி முந்தும், குறைத்தால் பிந்தும். பேட்டரி வண்டியில் பாயின்ட்டுக்குக் குறுக்கே ஒரு பல்பு மாட்டி, பொறி விழ வேண்டிய இடத்தைக் காட்டும் ‘எஃப்’ குறி நேராக வரும் கணத்தில் அது எரியத் தொடங்குமாறு பாயின்ட்டின் அடித்தட்டைத் திருப்பி வைக்கலாம். மேக்னெட் வண்டியில் பல்பு சரிவராது, மீட்டர்தான்.

கிக்கர் திருப்பி அடித்தால் பொறி அளவுக்கு மீறி முந்துகிறது. இடைவெளி சரியாக இருந்தும் அடித்தால் மேக்னெட்டைக் கழற்றி உள்ளே அதைத் தண்டில் நகராமல் பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டான கீயைப் பாருங்கள். அது பாதி வெட்டுப்பட்டிருந்தாலே குறிகள் எல்லாம் பொய்யாகிவிடும். கீ முழுதாக இருந்தால், வேகம் கூடும்போது பொறியை முந்த வைக்கும் அட்வான்ஸ் எடைகள் விரிந்த நிலையிலேயே இறுகிவிட்டனவா, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சிடிஐ வண்டியில், மேலே சொன்னவற்றில் அதற்குப் பொருந்துபவை எல்லாம் சரியாக இருக்கும்போதுதான் சிடிஐ பெட்டியை மாற்றிப் பார்க்க வேண்டும்.