கொவால்ஸ்கி: கொல்லன் பெயரா, ஊர்ப் பெயரா?

போலந்தில் நோவாக்குக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் தாங்கும் குடும்பப் பெயர் கொவால்ஸ்கி. ‘கொவால்’ என்றால் கொல்லன். அதற்காக எல்லாக் கொவால்ஸ்கிகளும் உலைக்களத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. ‘ஸ்கி’ முதலில் ஊர்ப்பெயரோடு ஒட்டிய ஈறு. கொவாலே போன்ற பெயருள்ள ஊர்கள் அங்கே பல உண்டு. அவற்றின் நிலக்கிழார்கள் ‘இன்ன ஊரார்’ என்ற பொருளில் இப்படிப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஓவியர் ஆல்ஃபிரெட் வியெருஷ்-கொவால்ஸ்கி (1849–1915) பெயரின் முன்பாதி குலச்சின்னத்திலிருந்து வந்தது. ஈற்றுக்கு மதிப்பு கூடியதும் குடியானவர்களும் கொல்லர்களும் அதைச் சூடிக்கொண்டார்கள். ஆகவே பூர்விக ஊர் தெரியாமல் இந்தப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு உறவு தேடுவது வீண்வேலை.

கொல்லன் மகனைக் குறித்த கொவால்சிக், கொவாலிக் இரண்டும் தனிப் பெயர்கள். கொவாலெவ்ஸ்கி பெரும்பாலும் கொவாலெவோ என்ற ஊர்களைச் சேர்ந்தது. உக்ரைனில் கொவால்ச்சுக், கொவாலென்கோ, லித்துவேனியாவில் கவல்யாவுஸ்காஸ்.

பெண்ணானால் கொவால்ஸ்கா. 2000இல் புனிதராக அறிவிக்கப்பட்ட ஃபவுஸ்தினாவின் இயற்பெயர் ஹெலெனா கொவால்ஸ்கா. பழைய பதிவேடுகளில் மணமான பெண்ணின் பெயரை அடுத்து ‘ஸ் கொவால்ஸ்கிஹ்’ என்று இருந்தால், அது அவளுடைய பிறந்தவீட்டுப் பெயர். ‘கொவால்ஸ்கிஹ்’ என்று தனியாக ஒரு குடும்பத்தைத் தேடக் கூடாது. அமெரிக்கா போன பெண்களுக்கு அங்கே ‘ஸ்கி’யே நிலைத்துவிட்டது. இரண்டு வடிவத்திலும் தேடுங்கள்.

தேடல் அதிகம் சறுக்குவது எழுத்துக்கூட்டலில்தான். போலிஷில் டபிள்யூ (W) எழுத்தின் ஒலி ‘வ’. போலந்தில் ரஷ்ய ஆட்சியில் இருந்த பகுதியில் 1868இலிருந்து முதல் உலகப்போர்க் காலம் வரை பதிவேடுகள் ரஷ்ய மொழியில் எழுதப்பட்டன. அவற்றை ரோமன் எழுத்துக்கு மாற்றும்போது பலர் டபிள்யூவுக்குப் பதில் ‘வி’ (V) போட்டுவிடுகிறார்கள். பெயர்களை ஒலிப்பை வைத்துக் குறியீடாக மாற்றும் அமெரிக்க சவுண்டெக்ஸ் முறை டபிள்யூவைக் கணக்கில் எடுக்காது, வியை எடுக்கும். அதனால் ஒரே பெயர் டபிள்யூவோடு கே420, வியோடு கே142 என்று இரண்டு குறியீடுகளில் பிரிந்துவிடும். ஒன்றில் மட்டும் தேடினால் பாதிக் குடும்பம் கிடைக்காது. அதே வகையில் 1985இல் வந்த டைச்-மொகொடாஃப் முறையில் இரண்டுமே 578450. கிழக்கு ஐரோப்பியப் பெயர்களுக்கு அதுவே பொருத்தம்.

புகழ்பெற்றவர்களை வைத்து வம்சம் கட்டுவதிலும் கவனம் தேவை. கணினித் துறையில் தர்க்க நிரலாக்கத்தின் முன்னோடி ராபர்ட் கொவால்ஸ்கி 1941இல் அமெரிக்காவில் பிறந்தவர். போலந்துப் பதிவேட்டில் அவர் பிறப்பு இருக்காது. மல்யுத்த வீரர் ‘கில்லர்’ கொவால்ஸ்கிக்கோ பிறப்பில் வேறு குடும்பப் பெயர். மேடைப் பெயரைத்தான் 1963இல் சட்டப்படி தனதாக்கிக்கொண்டார்.