பெண்டிங் கொடிவழி: ஒரு சார்ட், மூன்று டிரேசிங் தாள்

எடுத்துக்கொண்ட ஆள் வில்லியம் பெண்டிங். 1803 முதல் 1807 வரை சென்னை ஆளுநர், 1828 முதல் 1835 வரை தலைமை ஆளுநர். வேலூர்க் கோட்டைக் கிளர்ச்சிப் பாடத்திலும் சதி ஒழிப்புப் பாடத்திலும் பிள்ளைகள் படிக்கும் அதே ‘பெண்டிங் பிரபு’. மேலே அவரையும் சேர்த்து ஐந்து தலைமுறை முன்னோர், கீழே 1990 வரை அவர் குடும்பத்தின் போர்ட்லாந்து டியூக் பட்டம் போன வழி: இதுதான் திட்டம். மேல்பாதி மை போட்டு முடிந்தது. கீழ்ப்பாதி ஒரே தாளில் இரண்டு முறை சொதப்பி, மூன்றாம் முறை டிரேசிங் தாளுக்கு மாறியபிறகுதான் சரிப்பட்டது.

தாளும் அளவும்

கடையில் கிடைக்கும் சார்ட், 22க்கு 28 அங்குலம். அகலவாக்கில் வைத்தால் 711 மில்லிமீட்டர். ஐந்தாம் தலைமுறை வரிசையில் 16 பெட்டி வரும். ஒரு பெட்டி 36 மி.மீ., இடைவெளி 5 மி.மீ. என்று வைத்தால் மொத்தம் 651. இரு ஓரத்திலும் 30 மி.மீ. மிஞ்சும். இதைவிடக் குறுக்கினால் தமிழ் எழுத்து தாங்காது. ‘ஹென்றியெட்டா கேவண்டிஷ் ஹோலிஸ்’ என்ற பெயர் 36 மி.மீ. பெட்டியிலேயே மூன்று வரி பிடிக்கிறது. பெட்டி உயரம் 45, வரிசைகளுக்கு நடுவே 40. இந்த 40ஐக் குறைக்க வேண்டாம். மணக் கோடும் பிள்ளைக் கோடும் அதற்குள்தான் திரும்ப வேண்டும்.

திருமணத்துக்கு இரட்டைக் கோடு, பிள்ளைக்கு 0.5 பேனாவில் ஒற்றைக் கோடு, மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு 0.3 பேனாவில் புள்ளிக் கோடு. இந்தக் குடும்பத்தில் புள்ளிக் கோடும் தேவைப்படும்.

பட்டங்களின் எழுத்துக்கூட்டலை முதலிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. கடைசிப் படிநிலையைப் பலரும் எழுதுவதுபோல் ‘பேரன்’ என்று எழுதினால் கொடிவழியில் அது மகனின் மகனாகிவிடும். ‘பாரன்’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

நடுப்பெட்டி

பிறப்பு 14 செப்டம்பர் 1774. இறப்பு 17 ஜூன் 1839, பாரிஸ். அடக்கம் லண்டன் மேரிலபோன் கோயிலில். மனைவி மேரி ஆச்செசன், அயர்லாந்தின் முதலாம் காஸ்ஃபோர்டு ஏர்லின் மகள்; மணம் பிப்ரவரி 1803, அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் பதவியேற்பு. பிள்ளை இல்லை; இரட்டைக் கோட்டுக்குக் கீழே ஒரு சிறு குறுக்குக் கோடு போட்டு முடித்துவிட வேண்டும்.

இந்தப் பெட்டியில் பட்டம் எதுவும் எழுதக் கூடாது. வில்லியம் பெண்டிங் எந்த நாளிலும் பட்டம் பெற்ற பிரபு அல்லர். டியூக்கின் இளைய மகன்களுக்குப் பெயருக்கு முன் ‘லார்ட்’ சேர்ப்பது மரியாதை வழக்கம் மட்டுமே. அது முதற்பெயரோடு ஒட்டும்: ‘லார்ட் வில்லியம்’ சரி, ‘லார்ட் பெண்டிங்’ தவறு. மனைவியையும் ‘லேடி வில்லியம்’ என்றே அழைத்தார்கள். 1796இல் கேமல்ஃபோர்டு தொகுதிக்கும் கடைசியில் 1836 முதல் இறக்கும்வரை கிளாஸ்கோவுக்கும் அவர் மக்களவை உறுப்பினராக இருக்க முடிந்தது இதனால்தான். பிரபுக்கள் அவையில் இடம் உள்ளவர் அங்கே போட்டியிட முடியாது. நம் பாடநூல் வெல்லெஸ்லிக்கும் பெண்டிங்குக்கும் ஒரே ‘பிரபு’வைப் போடுகிறது; வெல்லெஸ்லி மார்க்விஸ் பட்டமே பெற்றவர், பெண்டிங் இரண்டாம் மகன். கொடிவழியில் இந்த வேறுபாடு அடிப்படையானது.

பெட்டிக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வாழ்க்கைப் பட்டை. அதில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். 1791 படையில் சேர்தல். 10 ஜூலை 1806 வேலூர். 1807 திருப்பி அழைக்கப்படுதல். 1809 கொருன்னாப் போர். 1811 முதல் 1814 வரை சிசிலி, அங்கே 1812 அரசியலமைப்பு. 4 டிசம்பர் 1829 சதித் தடைச் சட்டம். 1834 உதகையில் மெக்காலேயைச் சந்தித்தல். வேலூர் வரியை மட்டும் கவனமாக எழுத வேண்டும். தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி பற்றிய உத்தரவு படைத் தளபதி ஜான் கிராடாக் பக்கத்திலிருந்து வந்தது. ஆளுநர் ஒப்புதல் தந்தவர். பதவியிழந்தது இருவரும்.

எண் போடுதல்

முன்னோர் எண் முறை எளிது. மைய ஆள் 1. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா. இரட்டித்து ஒன்று கூட்டினால் அம்மா. 2: அப்பா, 3ஆம் போர்ட்லாந்து டியூக், இருமுறை பிரதமர் (1783, 1807–1809). 3: அம்மா, டோரதி கேவண்டிஷ். 6: தாய்வழித் தாத்தா, 4ஆம் டெவன்ஷயர் டியூக், அவரும் பிரதமர் (1756–1757). 5: அப்பாவைப் பெற்ற பாட்டி மார்கரெட் ஹார்லி, இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் போர்ட்லாந்து ஜாடியை வாங்கியவர். 16: ஹான்ஸ் வில்லெம் பெண்டிங்க், 1688இல், பின்னர் இங்கிலாந்து அரசரான மூன்றாம் வில்லியத்தோடு ஹாலந்திலிருந்து வந்தவர், 1689இல் போர்ட்லாந்து ஏர்ல் ஆனவர். 20: ராபர்ட் ஹார்லி, முதலாம் ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல்.

8ஐயும் 20ஐயும் சேர்த்துப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். 20 ஆன ஹார்லி 1711இல் சவுத் சீ கம்பெனியைத் தொடங்கியவர். 8 ஆன முதலாம் டியூக் ஹென்றி அந்தக் கம்பெனியின் 1720 சரிவில் பணத்தை இழந்து, ஜமைக்கா ஆளுநர் வேலைக்குப் போய், 1726இல் அங்கேயே இறந்தவர். 1734இல் ஹென்றியின் மகன் ஹார்லியின் பேத்தியை மணந்தார். எழுதும்போது வெறும் எண்களாக இருந்தவை வரிசையில் உட்கார்ந்தபிறகு இப்படித் தொடர்பு காட்டுவதுதான் கையால் வரைவதன் பெரும்பலன்.

எங்கே தவறும்: பெயர்

அப்பா பெயர் வில்லியம் ஹென்றி. மூத்த மகன், அதாவது 4ஆம் டியூக், வில்லியம் ஹென்றி. இரண்டாம் மகனான நம் ஆளும் வில்லியம் ஹென்றி. அம்மா வழியில் இன்னும் மோசம்: முதலாம் டெவன்ஷயர் ஏர்லில் தொடங்கி 4ஆம் டெவன்ஷயர் டியூக் வரை அப்பா, பிள்ளை என்று ஏழு தலைமுறையும் வில்லியம் கேவண்டிஷ். பெயரை வைத்துத் தேடிச் சேர்த்தால் நிச்சயம் இரண்டு தலைமுறை ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் பிறந்த ஆண்டை முதல் வரியாகவும் பெயரை இரண்டாம் வரியாகவும் எழுதுவதே மருந்து. ‘1738 வில்லியம்’, ‘1768 வில்லியம்’, ‘1774 வில்லியம்’ என்றால் குழப்பம் போகும்.

குடும்பப் பெயரும் நகரும். 1801இல் 3ஆம் டியூக் ‘கேவண்டிஷ்’ சேர்த்துக்கொண்டார். அவருடைய மூத்த மகன் ஹென்றியெட்டா ஸ்காட் என்ற பெருஞ்செல்வப் பெண்ணை மணந்து ‘ஸ்காட்’டும் சேர்த்தார். கிராம்ப்ஸ் என்ற கொடிவழி மென்பொருளில் ஏற்றும்போது பிறப்புப் பெயரை முதன்மைப் பெயராகவும் பின்னால் வந்ததை மாற்றுப் பெயராகவும் வைக்க வேண்டும். ‘டியூக்’ என்பதைப் பட்டத்துக்கான கட்டத்தில் போட்டால் அது பிறந்த நாளிலிருந்தே ஒட்டிக்கொள்கிறது. நிகழ்வாகச் சேர்த்து ஆண்டு கொடுப்பது நல்லது.

எங்கே தவறும்: தேதி

இங்கிலாந்தில் 1752 வரை பழைய நாட்காட்டி; ஆண்டு தொடங்கியது மார்ச் 25. முதலாம் டியூக் ஹென்றியின் பிறந்த நாள் 17 மார்ச் 1682 என்றால், அன்றைய கணக்கில் அது 1681இன் இறுதி நாட்கள். 1681/82 என்று இரண்டையும் எழுதவும். கிராம்ப்ஸ் தேதிப் பெட்டியில் ஜூலியன் நாட்காட்டியையும் ஆண்டுத் தொடக்கம் மார்ச் 25 என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். ஹாலந்துத் தேதிகள் அப்போதே பத்து நாள் முன்னால் ஓடின: மூன்றாம் வில்லியம் டார்பேயில் இறங்கியது இங்கிலாந்துக் கணக்கில் 5 நவம்பர் 1688, ஹாலந்துக் கணக்கில் 15 நவம்பர். ஹான்ஸ் வில்லெம் பெட்டியில் எந்த நாட்காட்டி என்று ஓரத்தில் ஒரு எழுத்தாவது குறிக்காவிட்டால் பின்னால் சரிபார்க்க வழி இருக்காது.

ஒருத்தி, இரண்டு எண்

சார்ட்டுக்கு மேலே நீட்டிப் பார்த்தபோது கிடைத்தது இது. அப்பா வழியில் 5, 11, 23, 46, 92, 184 என்று ஏறினால் 369 ஆக வருபவர் ஹார்டுவிக்கின் பெஸ், 1608இல் இறந்த பெருஞ்சீமாட்டி. அம்மா வழியில் 6, 12, 24, 48, 96, 192, 384 என்று அந்த ஏழு வில்லியங்களைத் தாண்டினால் 769, அதுவும் பெஸ்தான். அவருடைய இரண்டு மகன்களின் கிளைகள், ஒன்று நியூகாசில் டியூக்குகளாகவும் மற்றது டெவன்ஷயர் டியூக்குகளாகவும் வளர்ந்து, லார்ட் வில்லியத்தின் பெற்றோரில் மீண்டும் சேர்கின்றன. அப்பாவிடமிருந்து எண்ணினால் எட்டாம் படி, அம்மாவிடமிருந்து ஒன்பதாம் படி. இரண்டு பெட்டி வரைந்து நடுவே கோடு இழுக்காமல், சிறிய எண்ணில் பெட்டியும் பெரிய எண்ணில் ‘369ஐப் பார்க்க’ என்ற குறிப்பும் போதும். நீளக் கோடு இழுத்தால் படம் முழுதும் குறுக்கே வெட்டும்.

கீழ்ப்பாதி: ஏன் டிரேசிங் தாள்

முதல் இரண்டு முயற்சிகள் கெட்டதற்குக் காரணம் ஒன்றே. இரத்தம், பட்டம், சொத்து மூன்றையும் ஒரே தாளில் ஒரே கோட்டால் காட்டப் பார்த்தது. இந்தக் குடும்பத்தில் மூன்றும் மூன்று வழியில் போகின்றன. அதனால் அடித்தாளில் ஆட்கள் மட்டும். மேலே மூன்று டிரேசிங் தாள்.

முதல் தாள், இரத்தம், நீல மை. லார்ட் வில்லியத்தின் தம்பி லார்ட் சார்லஸ் (1780–1826). அவர் 1816இல் மணந்த ஆன், தலைமை ஆளுநராக இருந்த மார்க்விஸ் வெல்லெஸ்லிக்கு மணத்துக்கு முன் பிறந்த மகள். இங்கேதான் புள்ளிக் கோடு. இவர்களுடைய மகன் பாதிரியார் சார்லஸ் (1817–1865); அவர் மகள் சிசிலியா (1862–1938), பின்னாளில் ஸ்ட்ராத்மோர் சீமாட்டி; அவர் மகள் எலிசபெத் போவ்ஸ்-லயன்; அவர் மகள் இரண்டாம் எலிசபெத் அரசி. அரசி லார்ட் சார்லஸின் எள்ளுப்பேத்தி. வேலூர்க் காலத்துச் சென்னை ஆளுநரின் தம்பியும், திப்புவை வீழ்த்திய தலைமை ஆளுநரும் ஒரே கோட்டில் அரசிக்கு மேலே நிற்கிறார்கள்.

இரண்டாம் தாள், பட்டம், சிவப்பு மை. விதி: ஆண் வழி மட்டும், மூத்தவன் கிளை தீர்ந்தபிறகே அடுத்தவன் கிளை. குடும்ப மாளிகையான வெல்பெக்கில் சுரங்கப்பாதை தோண்டியவராகப் பேசப்படும் 5ஆம் டியூக் 1879இல் பிள்ளையின்றி இறந்தார். தம்பிகள் பிள்ளையின்றி அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். சித்தப்பா லார்ட் வில்லியத்துக்கும் வாரிசு இல்லை. எனவே கோடு அடுத்த சித்தப்பா லார்ட் சார்லஸுக்குத் தாவுகிறது. பாதிரியார் சார்லஸுக்கு வாரிசாக நின்றவை பெண் பிள்ளைகள். ஆகவே அவர் தம்பி ஆர்தரின் மகன் 6ஆம் டியூக். ஆங்கில நூல்கள் இவரை ‘கசின்’ என்றே முடித்துவிடும். தமிழில் சித்தப்பாவின் பேரன், மகன் முறை என்று எழுதினால் கோடு எந்தப் படியில் இறங்க வேண்டும் என்று உடனே தெரிகிறது. பெட்டிகளுக்கு உறவுப் பெயரை நம் முறையிலேயே எழுதுங்கள். மூத்தவர், இளையவர் என்ற கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது, பட்ட வாரிசுக்கு வேண்டியதும் அந்தக் கணக்குதான்.

1977இல் 7ஆம் டியூக் மகனின்றி இறந்ததும் லார்ட் வில்லியத்தின் கடைசித் தம்பி லார்ட் ஃபிரெடரிக்கின் கிளை: 8ஆம் டியூக், 1980இல் அவர் தம்பி விக்டர் 9ஆம் டியூக். இரண்டாம் உலகப் போரில் கூட்டு உளவுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் இவர். ஒரே மகன் 1966இல் முன்னதாகவே இறந்ததால் 1990இல் டியூக் பட்டம் முடிந்தது. ஏர்ல் பட்டமோ முடியவில்லை. டியூக் பட்டம் 1716இல் ஹென்றிக்குத் தரப்பட்டது, அவர் வழியினருக்கே உரியது. ஏர்ல் பட்டம் 1689இல் ஹென்றியின் அப்பா ஹான்ஸ் வில்லெமுக்குத் தரப்பட்டது. அவருடைய இரண்டாம் மனைவியின் பிள்ளைகள் வழி ஹாலந்தில் இருந்தது. 1990இல் சிவப்புக் கோடு 300 ஆண்டு மேலே ஏறி 16க்குப் போய் மறுபக்கம் இறங்கியது. இதை அடித்தாளில் வரைந்தால் சார்ட்டே போய்விடும். இந்த ஹாலந்துக் கிளைக்காரர் ஒருவரின் அமெரோங்கன் மாளிகையில்தான் ஜெர்மானிய கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் நவம்பர் 1918இல் முடிதுறப்பில் கையெழுத்திட்டார்.

மூன்றாம் தாள், சொத்து, பச்சை மை. இங்கே பெண்கள்தான் முக்கியம். வெல்பெக் 23, 11, 5 என்ற மூன்று பெண்கள் வழியேயும், 23இன் கணவர் வாங்கிய மேரிலபோன் நிலம் 11, 5 என்ற இரண்டு பெண்கள் வழியேயும் பெண்டிங் குடும்பத்துக்கு வந்தவை. சரிபார்க்க லண்டன் வரைபடமே போதும்: கேவண்டிஷ் சதுக்கம், ஹோலிஸ் தெரு, ஹென்றியெட்டா, ஹார்லி, மார்கரெட், பெண்டிங்க், வெல்பெக், போர்ட்லாந்து பிளேஸ். தெருப்பெயர்களே கொடிவழி. 1879க்குப் பின் அந்த நிலம் 5ஆம் டியூக்கின் சகோதரிகள் வழி ஹோவர்ட் டி வால்டன் குடும்பத்துக்குப் போனது. பட்டம் போன திசையில் அல்ல.

டிரேசிங் தாளில் இரண்டு கவனம். ஈரப்பதத்தில் அது விரியும். மழை நாளில் வரைந்த தாள் வெயில் நாளில் அடித்தாளோடு பொருந்தாது. நான்கு மூலையிலும் கூட்டல் குறி போட்டு, ஒரே நாளில் மூன்றையும் குறிக்கவும். மை காய நேரமெடுக்கும். இடக்கைக்காரர் வலப்பக்கக் கிளையிலிருந்து தொடங்கினால் தேயாது.

மீதம் இருப்பது: 9, 13, 15 ஆகியோரின் பெற்றோர் பெட்டிகளில் ஆண்டு சரிபார்த்தல், ஹான்ஸ் வில்லெமின் இரண்டாம் மணத்துக்குத் தனியாக ஒரு அரைச் சார்ட். லார்ட் வில்லியத்தின் கடிதக் கட்டுகள் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் போர்ட்லாந்துத் தொகுப்பில் இருக்கின்றன. அந்தப் பட்டியலின் முன்னுரையோடு வாழ்க்கைப் பட்டையை ஒப்பிட்ட பிறகே அதற்கு மை.