ட்ரெய்லர் இழுக்க வண்டி: பெட்ரோலா டீசலா என்பதற்கு முன்னால் ஒரு ஸ்டிக்கர்

படுக்கை, சமையல் வசதியோடு வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் ட்ராவல் ட்ரெய்லரைப் பார்த்து வைத்தாகிவிட்டது, இனி அதை இழுக்க வண்டி வேண்டும். அமெரிக்காவிலோ கனடாவிலோ இந்த இடத்துக்கு வந்து நிற்கும் குடும்பம் முதலில் கேட்பது, கேஸா டீசலா என்றுதான். இங்கே கேஸ் என்றால் சிலிண்டர் இல்லை, பெட்ரோல். விற்பனையாளரும் உடனே டார்க் (முறுக்குவிசை), குதிரைத்திறன் என்று எண்களை அடுக்குவார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள்.

கதவு வந்து மூடும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஓர் எண். அதுதான் பேலோட். விளம்பரத் தாளில் இருப்பது அந்த மாடலிலேயே அதிகபட்சம் கிடைக்கக்கூடிய எண். கதவில் இருப்பது உங்கள் முன் நிற்கும் வண்டியின் எண். சன்ரூஃப், பெரிய சக்கரம், நாலு சக்கர இயக்கம் என்று ஒவ்வொரு வசதிக்கும் அது குறைந்துகொண்டே வரும்.

பெரிய எஸ்யூவி ஒன்றின் கதவில் 1,650 பவுண்ட் என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். சாமான் ஏற்றிய ட்ரெய்லர் 7,000 பவுண்ட். ட்ராவல் ட்ரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தால் ட்ரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டும். 13 சதவீதம் என்றால் 910 பவுண்ட். எடையைப் பிரித்துக் கொடுக்கும் ஹிட்ச் 90. அப்பா 170, அம்மா 140, ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா 150, பாட்டி 130, பிள்ளைகள் 90, 60. ஆறு பேருக்கு 740. ஓட்டுபவரும் இந்தக் கணக்கில் உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மொத்தம் 1,740. இன்னும் ஒரு பை கூட வண்டியில் ஏறவில்லை, அதற்குள் 90 பவுண்ட் அதிகம். இதே வண்டி 8,000 பவுண்ட் இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அதுவும் பொய்யில்லை. இழுக்கும், இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு இல்லை.

ட்ரெய்லர் கம்பெனி தரும் கொக்கி எடையும் காலி ட்ரெய்லருக்கானது. முன்னால் உள்ள இரண்டு புரோபேன் உருளைகள் நிறைந்தால் சுமார் 75 பவுண்ட், பேட்டரி 50, 60. கட்டிலுக்கு அடியிலுள்ள முன் அறையில் அரிசி மூட்டை, கிரைண்டர், குக்கர் எல்லாம் அடுக்கினால் அந்த எடையில் பெரும்பகுதி நேராகக் கொக்கிக்குத்தான் வரும்.

பேலோடில் டீசலுக்கு ஒரு பாதகம் இருக்கிறது. முக்கால் டன் பிக்கப்பில் (முக்கால் டன், ஒரு டன் என்பவை பிக்கப்பின் ரகப் பெயர்கள், ஒரு டன்தான் பெரியது) வரும் 6.7 லிட்டர் கம்மின்ஸ் வார்ப்பிரும்பு இன்ஜின், தனி இன்ஜினே ஆயிரம் பவுண்டைத் தாண்டும். வண்டியின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்ட் என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தால், இன்ஜினின் கூடுதல் எடை முழுவதும் பேலோடில்தான் கழியும். ஒரே மாடல், ஒரே இருக்கை அமைப்பு, டீசலில் மட்டும் ஸ்டிக்கர் எண் பல நூறு பவுண்ட் குறைவு. ஆடம்பர ரகம், நாலு கதவு, நாலு சக்கர இயக்கம் மூன்றும் சேர்ந்த டீசல் முக்கால் டன் வண்டியை வாங்கி, பெரிய ஃபிஃப்த் வீலின் (பிக்கப் தொட்டிக்குள்ளேயே இணையும் ட்ரெய்லர்) கொக்கி எடையைத் தாங்க முடியாமல் போகிறவர்கள் உண்டு. ஃபிஃப்த் வீலில் 20 சதவீதம் வரை, சில சமயம் அதற்கு மேலும், பிக்கப் தொட்டியில்தான் உட்காரும். அந்த இடத்தில் பெட்ரோல் முக்கால் டன்னோ டீசல் ஒரு டன்னோதான் சரி.

ஸ்டிக்கர் கணக்கு இரண்டு வண்டிக்கும் சரியாக வந்தால், அடுத்து மேடு.

கொலராடோவில் ஐ-70 சாலையில் ஐசனோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கும், இழுக்கக் காற்று இல்லை. செவர்லே சபர்பனின் 5.3 லிட்டர் வி8 கீழே 355 குதிரைத்திறன். 10,000 அடியில் 250தான் மிஞ்சும், அதுவும் நிமிடத்துக்கு 5,600 சுற்றில். வண்டியும் ட்ரெய்லரும் ஆட்களும் சேர்ந்து 14,000 பவுண்ட், 6 சதவீத மேடு என்றால், 50 மைல் வேகத்தில் ஏற இன்ஜினிலிருந்து ஏறக்குறைய 200 குதிரைத்திறன் வேண்டும். 60 மைலுக்கு 265. ஆக, வி8 ஐம்பதில் ஏறும், இரைச்சலோடு ஏறும். அறுபதில் ஏறாது.

அதே சபர்பனில் இப்போது வரும் 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் டூராமேக்ஸ் டீசல் 305 குதிரைத்திறன், 495 பவுண்ட்-அடி டார்க். டர்போ காற்றை அமுக்கிக் கொடுப்பதால் உயரத்தில் இழப்பு மிகக் குறைவு. சுமையைப் பாதிச் சுற்றிலேயே தூக்கிக்கொண்டு போகும், பின் இருக்கையில் தூங்கும் பிள்ளை விழிக்காது. ஆனால் இந்தப் பெருமையில் பெரும்பங்கு டர்போவுக்கே சேரும். ஃபோர்டு எக்ஸ்பெடிஷனின் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோல்தான், இரண்டு டர்போ, அதுவும் மலையில் மூச்சு வாங்காது. அதற்கான விலை அது குடிக்கும் எரிபொருளில் தெரியும். அழுத்தி மிதித்தால் டர்போ பெட்ரோல் இன்ஜின் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளக் கூடுதல் பெட்ரோலை உள்ளே விடும், மைலேஜ் சட்டென்று விழும்.

மேட்டில் 4,500 சுற்றில் கத்தும் வி8-ஐக் கேட்டுப் பயந்து காலை எடுப்பவர்கள் நிறைய. பயம் தேவையில்லை, அந்த இன்ஜினின் திறன் அங்கேதான் இருக்கிறது. பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பம். 200, 220 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். 240-ஐத் தாண்டிக்கொண்டே போனால் கியரைக் குறைத்து, வேகத்தையும் குறையுங்கள்.

இறக்கத்தைப் பற்றி வாங்கும்போது யாரும் பேசுவதில்லை. என் பார்வையில் குடும்ப வண்டிக்கு டீசல் வாங்க இதுவே முதல் காரணம். பெட்ரோல் இன்ஜினில் காலை எடுத்தவுடன் காற்று வரும் வழியான த்ராட்டில் மூடிக்கொள்ளும், இன்ஜின் காற்றுக்கு இழுத்துப் பார்த்து வண்டியைப் பிடிக்கும். இயல்பாக டீசலில் அந்தப் பிடிப்பு இல்லை. ஆனால் இன்றைய டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது: டர்போவுக்குள் உள்ள சின்ன இதழ்கள் நெருங்கி மூடி, புகை வெளியேறும் வழியை அடைக்கும், இன்ஜின் அந்த அழுத்தத்தை எதிர்த்து வேலை செய்ய வேண்டிவரும். ஏழு மைல் இறக்கத்தில் பிரேக் மிதியை இரண்டு மூன்று தடவை தொட்டால் போதும். பெட்ரோல் வண்டியில் டோ-ஹால் (சுமை இழுக்கும்போது கியரைத் தாழ்வாக வைக்கும்) பொத்தானைப் போட்டு, உச்சியிலேயே கியரைக் குறைத்து, 45 மைலில் இறங்கத் தொடங்க வேண்டும். வேகம் ஏறினால் நன்றாக அழுத்தி 35-க்குக் கொண்டுவந்து மிதியை விட்டுவிடுங்கள். மெல்ல மிதித்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறி, மிதி தரைவரை போகும்.

இனி, ட்ரெய்லர் கொல்லைப்புறத்தில் நிற்கும் மற்ற முந்நூறு நாட்கள். டீசல் வாங்கியவர்களுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் மலையில் வருவதில்லை, பள்ளிக்கூட வாசலில் வருகிறது. டீசல் புகையில் உள்ள கரியை ஒரு வடிகட்டி பிடித்து வைக்கும். அது நிறைந்ததும் இன்ஜின் தானாகவே கொஞ்சம் டீசலைப் தாமதமாகப் பீய்ச்சி, புகையை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிக் கரியை எரித்துவிடும். இதற்கு இடைவிடாமல் இருபது முப்பது நிமிட ஓட்டம் வேண்டும். இரண்டு மைலில் பள்ளி, மூன்று மைலில் கடை என்றே ஓடினால் எரிப்பு தொடங்கும், பாதியில் சாவியை அணைப்பீர்கள், மறுநாளும் அப்படியே. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து இன்ஜின் எண்ணெயில் கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்: எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதிலாக மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்து, டீசல் வாடையும் அடித்தால் இதுதான் நடந்திருக்கிறது. எண்ணெயை உடனே மாற்றிவிட்டு, வாரம் ஒரு நாள் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். அதற்கு நேரம் இல்லாத வீட்டுக்கு டீசல் வேண்டாம்.

பிறகு டெஃப், அதாவது டீசல் புகையைச் சுத்தம் செய்யும் 32.5 சதவீத யூரியா கரைசல். தனி மூடி, தனித் தொட்டி. மைனஸ் 11 செல்சியஸில் உறையும், அதனால் தொட்டியில் ஹீட்டர் உண்டு. வெயிலில் வைத்தால் சீக்கிரம் கெடும். கராஜில் பழைய பெட்டியைச் சேர்த்து வைக்காதீர்கள், தேதி பார்த்து வாங்குங்கள். தப்பித் தவறி டெஃபை டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது, கதவைத் திறந்து மூடினாலே சில வண்டிகளில் பம்ப் ஓடத் தொடங்கும். அங்கேயே நிறுத்தி டோ வண்டியைக் கூப்பிடுங்கள். உயர் அழுத்தப் பம்ப் வரை அது போய்விட்டால் இன்ஜெக்டர், குழாய் எல்லாம் மாற்ற வேண்டிய செலவு பத்தாயிரம் டாலர் அளவில் வரும். பெட்ரோலை ஊற்றினாலும் இதே கதை. பம்ப் கைப்பிடியின் நிறத்தை நம்பாதீர்கள்: பச்சை என்றால் டீசல் என்று பழகியவர்கள், பெட்ரோலுக்கே பச்சை வைத்திருக்கும் நிலையங்களில் ஏமாறுகிறார்கள். எழுத்தைப் படியுங்கள்.

மைலேஜ் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். முக்கால் டன் பிக்கப், வருடம் 10,000 மைல், அதில் 3,000 ட்ரெய்லரோடு. பெட்ரோல் வண்டி காலியாக 14, இழுக்கும்போது 8 மைல் தருகிறது. டீசல் 18, 11 என்று கொள்வோம். பெட்ரோல் 875 கேலன், டீசல் 662 கேலன். கேலன் 3.25-க்கும் 3.85-க்கும் விற்றால் 2,844 டாலர், 2,549 டாலர். மிச்சம் முந்நூறுக்கும் கீழே. டெஃப், இரண்டு எரிபொருள் வடிகட்டிகள், 12, 13 குவார்ட் எண்ணெய் என்று அந்த முந்நூறும் பராமரிப்பிலேயே கரைந்துவிடும். இந்த ரக வண்டியில் டீசல் இன்ஜினுக்குக் கூடுதல் விலை சுமார் பத்தாயிரம் டாலர். விற்கும்போது ஒரு பகுதி திரும்பி வரும், எரிபொருளில் வராது. சிக்கனத்துக்காக டீசல் என்று யாராவது சொன்னால் உங்கள் மைலை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3.0 லிட்டர் டூராமேக்ஸ் வேறு விஷயம், அங்கே விலை வித்தியாசம் மிகக் குறைவு, காலியாக நெடுஞ்சாலையில் ஓடும்போது மைலேஜ் நன்றாகவே தெரியும். அதைப் பழையதாக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: முதலில் வந்த எல்எம்2 இன்ஜினில் எண்ணெய் பம்பை ஓட்டும் பெல்ட் இன்ஜினின் பின்புறம் இருக்கிறது, 1,50,000 மைலில் மாற்ற வேண்டும், அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

ஆக, 5,000 பவுண்டுக்குள் உள்ள ட்ரெய்லர், வருடத்தில் நாலைந்து பயணம், சமவெளி என்றால் பெட்ரோலே போதும், மேலே யோசிக்க வேண்டாம். ஆறேழு ஆயிரம் பவுண்ட், ராக்கீஸ் மலைப் பக்கம் அடிக்கடி என்றால் சின்ன டீசலோ டர்போ பெட்ரோலோ. 12,000-க்கு மேல் போனால் பெரிய டீசல், அதையும் ஒரு டன் வண்டியில். மைனஸ் 30 அடிக்கும் ஊரில் டீசல் என்றால் இரவில் இன்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரைச் செருக ஒரு பிளக் இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

வாங்கிய பிறகு முதல் பயணத்துக்கு முன் லாரிகள் நிற்கும் நிலையத்தில் கேட் (CAT) என்ற லாரி எடைமேடைக்குப் போங்கள். குடும்பம் முழுவதும் வண்டிக்குள் இருக்கட்டும். மூன்று முறை எடை: எடையைப் பிரிக்கும் ஹிட்ச் கம்பிகளை முறுக்கி, கம்பிகளைத் தளர்த்தி, ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு. கதவில் 1,650 பவுண்ட் என்று இருந்த அந்த எஸ்யூவிக்கு எண்கள் இப்படி வரும். ட்ரெய்லர் இல்லாமல் முன் அச்சு 3,080, பின் அச்சு 3,460, கூட்டினால் 6,540. கம்பி தளர்வாக முன் 2,760, பின் 4,690, ட்ரெய்லர் அச்சு 6,090. வண்டியின் இரண்டு அச்சும் சேர்ந்து 7,450. அதில் 6,540 போனால் கொக்கி எடை 910. முன் அச்சு 320 பவுண்ட் தூக்கிக்கொண்டதால்தான் ஸ்டியரிங் லேசாகத் தோன்றும். கம்பியை முறுக்கியதும் முன் 2,930, பின் 4,380, ட்ரெய்லர் 6,230: இழந்ததில் பாதிக்கு மேல் முன்னுக்குத் திரும்பிவிட்டது, 140 பவுண்ட் ட்ரெய்லர் அச்சுக்குப் போய்விட்டது. முதல் கணக்கில் வந்த 90 பவுண்ட் அதிகம் இதனால்தான் தீர்ந்தது: வண்டி இப்போது 7,310. அதன் மொத்த எடை வரம்பு 7,360. ஐம்பது பவுண்ட் இடம் இருக்கிறது, நிறைந்த ஐஸ் பெட்டி ஒன்றுக்கே அது போதாது. பெட்டியை ட்ரெய்லருக்குள், அதன் சக்கரங்களுக்கு நேர் மேலே தரையில் வைத்துக் கட்டுங்கள்.