இரும்பு மாத்திரையில் சரியாகாத ரத்தசோகை: நாங்கள் கடந்து வந்த தலசீமியா பரிசோதனைகள்

கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு "ரத்தம் கம்மி" என்று சொல்லி இரும்பு டானிக் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஹீமோகுளோபின் பத்தை ஒட்டியே நின்றது, மேலே ஏறவே இல்லை. ஏன் ஏறவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

கர்ப்பமான பிறகு ஏழாவது வாரத்தில் பார்த்த மகப்பேறு மருத்துவர்தான் முதன்முதலில் அந்த ரிப்போர்ட்டை முழுதாகப் படித்தார். ஹீமோகுளோபின் 10.4. ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை 56 லட்சம், அதாவது குறைவே இல்லை. அணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. மட்டும் 61. அது 80க்கு மேல் இருக்க வேண்டும். "இரும்புச்சத்து குறைஞ்சா அணுக்களோட எண்ணிக்கையும் பொதுவா குறையும்மா. உங்களுக்கு எண்ணிக்கை நிறைய இருக்கு, ஒவ்வொண்ணும் சின்னதா இருக்கு" என்றார். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்ததில் இரும்பு போதுமான அளவு இருந்தது. அடுத்து, ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. என்ற பரிசோதனை. அதில் ஏ2 என்ற வகை 5.4 சதவீதம். 3.5ஐத் தாண்டினால் பீட்டா தலசீமியா கேரியர், அதாவது மைனர். தலசீமியா என்பது உடலால் ஹீமோகுளோபினைச் சரியாக உருவாக்க முடியாத பரம்பரை நோய். எனக்கு நோய் இல்லை. ஆனால் பதினோராவது குரோமோசோமில், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் புரதத்தை உருவாக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது.

அவர் செய்த இன்னொரு நல்ல காரியம், அன்றைக்கே என் கணவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னது. இதை அழுத்திச் சொல்கிறேன். மனைவியின் ரிசல்ட் வந்த பிறகு பார்க்கலாம், அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் என்று தள்ளினால் கர்ப்பத்தில் வாரங்கள் ஓடிவிடும். இவருக்கு ஏ2 5.1, இவரும் கேரியர். நல்ல திடகாத்திரமான மனிதர். ரத்தசோகை என்ற பேச்சே அவர் வாழ்க்கையில் வந்ததில்லை.

வீட்டில் இதைப் புரியவைப்பது பரிசோதனையைவிடக் கஷ்டமாக இருந்தது. "நீங்க சொந்தத்துல கட்டலையே, அப்புறம் எப்படி?" என்றார் என் அம்மா. "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லை" என்றார் அத்தை. நாங்கள் சொந்தம் இல்லை, வம்சத்தில் நோய் வந்ததாக யாருக்கும் தெரியவும் இல்லை என்பது உண்மைதான். சொந்தத்தில் திருமணம் செய்தால் ஒரே பழுது இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். சொந்தம் இல்லாத இரண்டு பேரும் கேரியராக இருக்கலாம். மலேரியா அதிகமாக இருந்த பகுதிகளில் கேரியர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைத்ததால், இந்தப் பழுது தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. கேரியருக்குப் பெரிதாக எந்தத் தொந்தரவும் வராது. அதனால்தான் எந்த வம்சத்திலும் யாருக்கும் தெரிவதில்லை.

மரபணு ஆலோசகர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். குழந்தைக்கு எங்கள் இருவரின் நல்ல பிரதியும் போனால் எந்தப் பழுதும் இல்லை, 25 சதவீதம். ஒருவரின் பழுது மட்டும் போனால் எங்களைப் போல மைனர், 50 சதவீதம். இருவரின் பழுதும் போனால் மேஜர், 25 சதவீதம். இந்தக் கணக்கு ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாகத் தொடங்கும். முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. மேஜர் குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும், ஏனென்றால் கருவிலிருந்த வேறு வகை ஹீமோகுளோபின் சில மாதங்கள் தாங்கும். அது குறையக் குறைய நோய் தெரியும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும். இல்லையென்றால் பொருத்தமான எலும்பு மஜ்ஜை கிடைத்து மாற்று சிகிச்சை செய்ய வேண்டும்.

கருவைப் பரிசோதிப்பதற்கு முன் எங்கள் இருவரின் பழுதும் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. எதைத் தேடுவது என்று தெரிந்தால்தான் கருவின் மாதிரியில் அதைத் தேட முடியும். எனக்கு இருந்தது ஐ.வி.எஸ். 1-5. இந்தியாவில் அதிகம் காணப்படுவது இதுதான். மரபணுவில் 'ஜி' இருக்க வேண்டிய ஓர் இடத்தில் 'சி' வந்துவிட்டது. அந்த இடம், மரபணுச் செய்தியில் தேவையற்ற பகுதியை வெட்டி நீக்கும் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தையல்காரர் கோடு மாறித் துணியை வெட்டினால் சட்டை எப்படி ஆகுமோ, அப்படிப் புரதம் பெரும்பாலும் உருப்படாமல் போகிறது. இவருக்கு இருந்தது கோடான் 41/42. அங்கே நான்கு எழுத்துகள் விழுந்துவிட்டன. மூன்று மூன்றாகப் படிக்க வேண்டிய வரிசையில் நான்கு போனால் அதற்குப் பிறகு எல்லாமே தப்பாகிவிடும். அந்தப் பிரதியிலிருந்து புரதமே வராது. பழுதுகள் வேறு வேறாக இருந்தாலும் மரபணு ஒன்றுதான், இரண்டும் சேர்ந்தால் மேஜர்தான்.

பன்னிரண்டாவது வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக ஊசி போடுவார்கள். வலி தாங்கக்கூடியதுதான், பயம்தான் பெரிது. கரு கலையும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று முன்பே சொல்லி, பாலினம் தெரிவிக்கப்படாது என்ற ஒப்புதல் படிவத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். என் ரத்தத்தையும் கூடவே எடுத்தார்கள், திசுவில் என் செல்கள் கலந்திருந்தால் ரிசல்ட் தப்பாகும் என்பதால். மேஜர் என்று வந்தால் தொடர வேண்டாம் என்று நாங்கள் இருவரும் முன்பே பேசி முடிவெடுத்திருந்தோம். வேறு முடிவு எடுப்பவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் அந்தப் பேச்சை ஊசிக்கு முன்பே பேசிவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு நிதானமாகப் பேச முடியாது.

ரிசல்ட்டில் கோடான் 41/42 மட்டும் இருந்தது. குழந்தை தன் அப்பாவைப் போல மைனர். பெண் குழந்தை பிறந்தாள். பிறந்தவுடன் ஹெச்.பி.எல்.சி. எடுத்தால் தெளிவாகத் தெரியாது என்பதால் ஒரு வயது முடிந்த பிறகு எடுத்தோம், ஏ2 5 சதவீதம்.

கூடப் பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். என் தம்பிக்கு இல்லை. நாத்தனாருக்கு இருக்கிறது. அப்போது அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே சொன்னால் கல்யாணம் தட்டிப் போகும் என்று அத்தை பயந்தார். நாத்தனார் கேட்கவில்லை, பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையிடம் தனியாகச் சொல்லிவிட்டாள். அவர் அடுத்த வாரமே ரத்தம் கொடுத்தார். ஏ2 2.6, எம்.சி.வி. 88. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை மைனராக இருக்கலாம், மேஜர் வராது.