குளிர்ந்துபோன பச்சிளங்குழந்தை

பிறந்த குழந்தையின் உடல் வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் உலகச் சுகாதார நிறுவனம் அதைக் கடுமையான தாழ்வெப்பநிலை என வகைப்படுத்துகிறது. பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கப் பச்சிளங்குழந்தையால் பெரும்பாலும் முடியாது. கழுத்தைச் சுற்றியும் தோள்பட்டைகளுக்கு இடையிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்தே அது வெப்பத்தைக் காக்கிறது, அதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் ஏராளமாகச் செலவாகின்றன. ஆகவே சூடேற்றும்போதே இரத்தச் சர்க்கரையையும் மூச்சையும் சேர்த்துக் கவனித்தாக வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது, இக்குழந்தைகள் அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாகக் கிடப்பதும், சில குழந்தைகளின் முகம் சிவந்து நலமாக இருப்பதுபோல் தோன்றிவிடுவதும்தான். சாதாரண வெப்பமானிகள் பல 35 டிகிரிக்குக் கீழே காட்டுவதில்லை என்பதால், தாழ்ந்த அளவையும் காட்டும் கருவி அவசியம்.

மருத்துவமனையில் இன்குபேட்டர் எனும் சூடான மூடிய பெட்டியிலோ, மேலிருந்து வெப்பம் வீசும் கதிர்வீச்சு வெப்பமூட்டியின் கீழோ வைத்து, வெப்பநிலையை அடிக்கடி அளந்தபடியே சூடேற்றுவார்கள்; எவ்வளவு வேகமாக என்பதில் மருத்துவர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அங்கே போய்ச் சேரும்வரை ஈரத்துணியை அகற்றி, தொப்பி அணிவித்து, தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்துக் கொண்டுசெல்லலாம். வெந்நீர்ப் பையை மட்டும் உடலருகே வைக்கவே கூடாது, அந்த மெல்லிய தோல் எளிதில் வெந்துவிடும்.